மனமறி திட்டத்தில் ஒரு கதவு

மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்தான்; பிறகு சக்கரத்தைக் கண்டுபிடித்தான்; அதற்கடுத்து மேலச்செங்குளம் நகராட்சி ‘மக்கள் மனமறி திட்டம்’ தொடங்கியது. இடையில் வேறு சில கண்டுபிடிப்புகளும் நடந்திருக்கக்கூடும். அழைப்பிதழில் முன்னிலை வகிப்போர் பெயர்களுக்கே இடம் போதாததால் அவை விடுபட்டுவிட்டன.

தொடக்க விழாவில் நகர்மன்றத் தலைவர் கோமதிநாயகம் குத்துவிளக்கேற்றினார். மின்விசிறி அணைத்தது. மறுபடி ஏற்றினார். புகைப்படக்காரர் கேட்டுக்கொண்டதற்காக இன்னொரு முறையும் ஏற்றினார். பின்பு மைக்கைப் பிடித்து, “இனிமே நீங்க மனுவே எழுத வேண்டாம். மனசுதான் மனு! கண்ணீர்தான் ஸ்டாம்பு!” என்று முழங்கினார். முன்வரிசையில் இருந்த மகளிர் குழுவினர் பலமாகக் கை தட்டினார்கள். பிரியாணிப் பொட்டலம் உண்டு என்று சொல்லி அழைத்து வரப்பட்டவர்கள் அவர்கள். அது எலுமிச்சைச் சாதமாக மாறிவிட்ட விவரம் அப்போது அவர்களுக்குத் தெரியாது.

விஷயம் இதுதான். நகராட்சிகளில் காகிதம் ஏன் நகர்வதில்லை என்று சென்னையில் அறிஞர்கள் சிலர் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து ஆராய்ந்தார்கள். கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்பவருக்கு வலிக்கிறது, இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கு வலிக்கவில்லை. இதுவே காரணம் என்று முடிவு கட்டினார்கள். அந்த வலியை இந்தப் பக்கம் கொண்டுவர ஒரு கருவி செய்தார்கள். அதைப் பரிசோதிக்க ஓர் ஊர் வேண்டியிருந்தது. சென்னையில் இருந்து போதுமான தூரத்தில் மேலச்செங்குளம் இருந்தது.

கருவியோடு வந்த பொறியாளர்ப் பெண்ணின் பெயர் ஹரிணி. மனுப் பிரிவு உதவியாளர் எஸ்தர் கனகமணியின் மணிக்கட்டில் கறுப்பு நிறப் பட்டை ஒன்றைக் கட்டிவிட்டு அவள் விளக்கினாள்.

“ரொம்ப சிம்பிள் மேடம். மனு குடுக்க வர்றவங்க கவுண்டர்ல இருக்கற இந்த இரும்புக் கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டுப் பேசணும். அவங்க மனசுல என்ன ஓடுதோ, அது அப்படியே உங்களுக்கும் ஓடும். அளவு இந்தத் திரையில வரும்.”

“கோவத்துல வந்தாங்கன்னா?”

“உங்களுக்கும் கோவம் வரும்.”

“யார் மேல?”

ஹரிணி கொஞ்சம் யோசித்தாள். “உங்க மேலதான் மேடம்.”

கோபம்தான் வரும் என்று அலுவலகமே எதிர்பார்த்திருந்தது. மோர்ப்பானை வைத்தார்கள். ரத்த அழுத்த மாத்திரை போடுகிறவர்கள் சேர்த்து வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஊழியர் சங்கம் ‘ஆத்திரப் படி’ கேட்டு ஒரு தீர்மானம் போட்டது.

கோபம் வரவில்லை. முதல் நாள் எஸ்தருக்கு என்ன வருகிறது என்றே பிடிபடவில்லை. வீட்டு வரியில் பெயர் மாற்ற வந்திருந்த ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் கைப்பிடியைத் தொட்டதும் அவளுக்குக் காது மடல் சுட்டது. எதிரே நிற்பவர் கண்ணைப் பார்க்க முடியவில்லை. கூட்டத்தில் அவிழ்ந்துபோன வேட்டியோடு நிற்கிற மாதிரி இருந்தது. அவள் வேட்டி கட்டியவளும் அல்ல.

அடுத்தவருக்கும் அதேதான். அதற்கடுத்தவருக்கும். பிறப்புச் சான்றிதழில் பிள்ளையின் பெயரைத் தப்பாக அச்சடித்தது அலுவலகம்; கூனிக்குறுகி நின்றது தகப்பன். தண்ணீர் விடாதது நகராட்சி; ‘திரும்பத் திரும்ப வந்து தொந்தரவு பண்றனோ’ என்று நாணியது குடத்தோடு வந்த பெண். நகராட்சிக்கு வருகிற குடிமக்கள் எல்லோரும் உள்ளுக்குள் வெட்கப்பட்டுக்கொண்டு நிற்கிறார்கள் என்பதை விஞ்ஞானம் அன்றுதான் முதன்முதலாக அளந்தது. திரையில் அதற்குத் தனிக் கட்டம் இல்லை. ஹரிணி சென்னைக்குப் பேசி ‘கூச்சக் குறியீடு’ என்று ஒன்றைச் சேர்த்தாள்.

ஆனால் திட்டம் வேலை செய்தது. அதை மறைப்பதற்கில்லை. எஸ்தர் அந்தக் கூச்சத்தைத் தாங்க மாட்டாமல், எதிரே நிற்பவரைச் சீக்கிரம் அனுப்பிவிட வேண்டும் என்ற ஒரே எண்ணத்தில் கையெழுத்துப் போட்டாள். மாதக்கணக்கில் கிடந்தவை மளமளவென்று தீர்ந்தன. சாயங்காலம் பேருந்தில் நடத்துநரிடம் டிக்கெட் கேட்கும்போதுகூட அவள் குரல் மன்னிப்புக் கேட்டது. பிள்ளைகள், “அம்மா, எதுக்கு எங்கள்ட்ட போய்த் தல குனியுத?” என்று சிரித்தார்கள்.

அவள் கையெழுத்தோடு முடிகிற காரியம் எல்லாம் முடிந்தது. முடியாத காரியத்தோடு வந்தாள் முத்துப்பேச்சி.

தெற்கு அம்மன்கோவில் தெருக்காரி. தீப்பெட்டி ஆபீசில் வேலை. கவுண்டருக்கு முன்னால் வந்தும் பேசாமல், பின்னால் வரிசையில் நிற்கிற ஆண்களை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

“சொல்லுங்கக்கா. அந்தக் கம்பியப் பிடிச்சுக்கிட்டுச் சொல்லுங்க” என்றாள் எஸ்தர்.

“எம்மா... எங்க தெருப் பொம்பளையாளு கக்கூஸ் இருக்குல்லா... அதுக்குக் கதவு கெடையாது.” குரல் பாதியிலேயே உள்ளே போனது. “பேந்து விழுந்து ரொம்ப நாளாச்சு. ஒருத்தி குடைய விரிச்சுப் பிடிச்சுக்கிட்டு நிப்பா, ஒருத்தி உள்ள போவா. எம் மக இசக்கியம்மா மொதப் பேறுக்கு வந்திருக்கா. வயித்துப் பிள்ளைக்காரி. வெக்கப்பட்டுக்கிட்டு அவ போகவே மாட்டேங்கா. போக வேண்டாம்னு தண்ணியே குடிக்க மாட்டேங்கா. டாக்டரம்மா ஏசுதா.”

எஸ்தருக்கு உடம்பு முழுக்கக் கண்கள் வந்து மொய்த்தன. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். வரிசையில் நின்ற அத்தனை பேரும் தன் முழங்காலைப் பார்ப்பதுபோல் இருந்தது. பட்டையைக் கழற்றி மேசை மேல் போட்ட பிறகுதான் மூச்சு வந்தது.

“பாக்கேன்க்கா. கண்டிப்பாப் பாக்கேன்.”

பார்த்தாள். கழிப்பறைக் கட்டடம் பொறியியல் பிரிவுக்குச் சொந்தம். கழிப்பறையின் உபயோகம் சுகாதாரப் பிரிவுக்குச் சொந்தம். கதவு என்பது கட்டடமா, உபயோகமா? பொறியியல் பிரிவு, “கதவு இல்லாட்டியும் கட்டடம் நிக்கிதுல்லா? அப்ப அது கட்டடத்துல சேராது” என்றது. சுகாதாரப் பிரிவு, “கதவு இல்லாம கிருமி ஒண்ணும் கூடுதலா வராது” என்றது. இரண்டு பிரிவுக்காரர்களும் பட்டை கட்டியிருக்கவில்லை.

இதற்கிடையில் தெருப் பெண்கள் தாங்களே ஒரு வழி செய்தார்கள். மனமறி திட்டத் தொடக்க விழாவின் பிளக்ஸ் பேனர் முச்சந்தியில் சரிந்து கிடந்தது. கனமான துணி, அளவும் கச்சிதம். எடுத்துக் கழிப்பறை வாசலில் திரையாகக் கட்டிவிட்டார்கள். கோமதிநாயகம் இரு கைகளையும் கூப்பி, முப்பத்திரண்டு பல்லும் தெரிய, வருகிற பெண்களை வரவேற்றார்.

மேலச்செங்குளம் நகராட்சி அதுவரை காணாத வேகத்தை அன்று கண்டது. தகவல் போன சிறிது நேரத்தில் லாரி, துப்புரவு மேற்பார்வையாளர், வார்டு கவுன்சிலர், ஒரு போலீஸ்காரர் எல்லோரும் வந்து இறங்கினார்கள். பிளக்ஸ் அகற்றப்பட்டு, பன்னீர் தெளிக்கப்பட்டது. இனி அச்சடிக்கும் பேனர்களில் ‘கழிப்பறைகளில் பயன்படுத்த வேண்டாம்’ என்று கீழே ஒரு வரி சேர்க்கும்படி நகர்மன்றம் ஒருமனதாக முடிவெடுத்தது. எந்தப் பிரிவின் வேலை அது என்று யாரும் கேட்கவில்லை.

முத்துப்பேச்சி மறுபடி வந்தாள். “எம்மா, தலைவர் படம் இல்லாத பிளக்ஸ் ஒண்ணு கெடைக்குமா?”

படம் இல்லாத பிளக்ஸ் என்று ஒன்று அந்த ஊரில் கிடையாது.

தேங்கிய மனுக்கள் குறைந்த செய்தி பத்திரிகைகளுக்குப் போயிற்று. ஆணையர் குலசேகரனைப் பேட்டி காணத் தொலைக்காட்சிக்காரர்கள் வந்தார்கள். குலசேகரன் கெட்டவர் அல்ல. சட்டையில் மடிப்புக் கலையாதவர், அவ்வளவுதான். தலைவர் கேமராக்களுக்கு முன்னால் அவருக்குப் பச்சைப் பொன்னாடை போர்த்தினார். ஒரு நிருபர், “சார், நீங்களே ஒரு தடவ பட்டையக் கட்டிக் காட்டுங்களேன்” என்றார். அதற்கென்ன என்று ஆணையர் எஸ்தரின் நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினார். எஸ்தர் கட்டிவிட்டாள். வரிசையில் அடுத்து நின்றது முத்துப்பேச்சி.

‘யக்கா, இன்னைக்கு வேண்டாம்’ என்று எஸ்தர் கண்ணால் சொன்னாள். அதற்குள் யாரோ முத்துப்பேச்சியின் கையைப் பிடித்துக் கைப்பிடியில் வைத்துவிட்டார்கள்.

“கூச்சப்படாம சொல்லுங்கம்மா” என்றார் ஆணையர், கேமராவைப் பார்த்து.

முத்துப்பேச்சியும் கேமராவைப் பார்த்தாள். அதன் சிவப்பு விளக்கைப் பார்த்தாள். “கதவு...” என்றாள். அதற்கு மேல் வரவில்லை.

வர வேண்டிய அவசியமும் இல்லை. ஆணையரின் முகம் முதலில் வெளுத்தது, பிறகு சிவந்தது. இரண்டு முழங்கால்களும் தாமாகவே ஒட்டிக்கொண்டன. தோளில் இருந்த பொன்னாடையை உருவி இடுப்பைச் சுற்றி இறுக்கிக்கொண்டார். அப்படியே நாற்காலியில் இருந்து சரிந்து, மேசைக்கு அடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். ஜரிகைக் கரை தலைக்கு மேல் ஏறியிருந்தது.

“கேமராவ அணைங்கய்யா!” என்று அங்கிருந்து அலறினார். “பொம்பளைங்க இருக்கற எடம்! அந்தப் பக்கம் திரும்புங்க!”

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்க ஆரம்பித்த ஒரு கேமராக்காரர் பாதியில் நிறுத்திக்கொண்டு திரும்பி நின்றார். எஸ்தர்தான் குனிந்து பட்டையை அவிழ்த்தாள். அவர் கை ஜில்லென்று இருந்தது.

அறைக்குப் போய் ஒரு செம்புத் தண்ணீர் குடித்த பிறகு அவர் எஸ்தரைக் கூப்பிட்டார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

“தினமும் இதையா வாங்கறீங்க?”

“ஆமா சார்.”

“எப்படித் தாங்கறீங்க?”

“எங்க சார் தாங்குதேன்? கழட்டி வச்சிருதேன். அவங்கள்ளாம் அப்பிடியே வீட்டுக்குக் கொண்டுக்கிட்டுப் போறாங்க.”

அவர் ஒரு வெள்ளைத் தாளை இழுத்தார். பிறகு எந்தப் பிரிவையும் கேட்காமல், தன் கையெழுத்திலேயே உத்தரவு எழுதினார். கதவு ஒன்று, உள்பக்கம் தாழ்ப்பாளுடன், உடனடியாக. இருபது வருட உத்தியோகத்தில் அவர் எழுதிய மிகச் சிறிய உத்தரவு அதுவாகத்தான் இருக்க வேண்டும். எழுதி முடித்தபோது, எஸ்தர் அவர் முகத்தில் ஒரு மனிதரைப் பார்த்தாள்.

கதவு அந்த வாரத்திலேயே வந்துவிட்டது. நீல நிற பிளாஸ்டிக் கதவு, குளியலறைகளுக்குப் போடுகிற வகை. அலுவலக நடைபாதைச் சுவரில் சாத்தி வைத்தார்கள். எஸ்தர் தன் கைப்பேசியில் இருந்தே முத்துப்பேச்சியைக் கூப்பிட்டாள்.

“யக்கா, கதவு வந்துட்டு! அடுத்த வாரம் மாட்டிருவாங்க.”

“நெசமாவா? எம்மா, நீ நல்லாருப்ப. பொறு, இசக்கிட்ட சொல்லுதேன்.” போனில் ஏதோ குசுகுசுப்பு. “தாழ்ப்பா உண்டுமான்னு கேக்கா.”

“உண்டு, உண்டு. உள்தாழ்ப்பா.”

அந்தப் பக்கம் ஒரு இளம் பெண் சிரிக்கிற சத்தம் கேட்டது. அன்று பேருந்தில் எஸ்தர் டிக்கெட்டை நிமிர்ந்து கேட்டாள்.

அதற்குள் சென்னையில் இருந்து போன் வந்தது. மனுக்களைத் தீர்த்ததில் மேலச்செங்குளம் முதலிடம். நல்லாட்சி விருதுக்குக் குழு நேரில் வருகிறது. ஒரே ஒரு குறை: கூச்சக் குறியீட்டிலும் முதலிடம்; அதை அளக்கிற ஊரே அது ஒன்றுதான். “அதைக் கொஞ்சம் குறைச்சு வைங்க” என்றார்கள், சாம்பாரில் உப்பைச் சொல்வதுபோல.

ஆணையர் அறையில் கூட்டம் போட்டார்கள்.

“குழு வார அன்னைக்கு ஜனங்கள வர வேண்டாம்னு சொல்லிருவோமா?” என்றார் கோமதிநாயகம்.

“யாரும் வரலைன்னா அளவே வராது சார்” என்றாள் ஹரிணி.

“அப்ப நம்ம ஆட்களக் கூட்டிட்டு வருவோம். கூச்சமே படாத ஆளுக நம்மகிட்ட நெறைய உண்டு.”

அதை யாரும் மறுக்கவில்லை. ஆனாலும் குழுவினரே வரிசையில் ஆளைத் தேர்ந்தெடுப்பார்கள் என்று ஹரிணி சொன்னாள். அப்போதுதான் எஸ்தர் பேசினாள். நல்லதை நினைத்துத்தான் பேசினாள்.

“சார், எல்லார் முன்னாலயும் நின்னு சொல்ல வேண்டியிருக்குல்லா, அதுலதான் பாதிக் கூச்சம். ஓரமா ஒரு சின்ன அறை மாதிரி தடுத்து, கதவப் போட்டுட்டா நிம்மதியாப் பேசுவாங்க.”

“பிரமாதம்!” என்றார் தலைவர். “பேரு... ‘மனம் திற மண்டபம்’!”

“தடுப்பு நம்மகிட்ட இருக்கு” என்றார் ஆணையர். “ரெண்டே நாள்ல கதவுக்கு எங்க போறது?”

எஸ்தர் வாயைத் திறக்கவில்லை. அவள் கண் மட்டும், அவள் சொல்லாமலேயே, வாசல் வழியாக நடைபாதைக்குப் போய்விட்டது. போன வேகத்தில் திரும்பியும் வந்தது. ஆனால் அறையில் இருந்த அத்தனை பேருடைய கண்களும் அதைப் பின்தொடர்ந்து போய், நீலக் கதவில் உட்கார்ந்துவிட்டன.

ஆணையர் கொஞ்ச நேரம் பேனா மூடியைத் திருகினார். “தற்காலிகமாத்தான்” என்றார். “குழு போனதும் கழட்டித் தெருவுக்கு அனுப்பிடலாம்.”

மேலச்செங்குளத்தில் தற்காலிகப் பேருந்து நிலையம் ஒன்று இருக்கிறது. அதில் வளர்ந்த அரசமரத்துக்கு இப்போது மேடை கட்டியிருக்கிறார்கள்.

குழு வந்தது. நீலக் கதவுக்கு நாடா கட்டி, கோமதிநாயகம் கத்தரித்தார். ஆணையருக்குப் பொன்னாடை நீட்டப்பட்டபோது அவர் சட்டென்று பின்வாங்கி, கையிலேயே வாங்கிக்கொண்டார். குழுத் தலைவர், மூக்குக் கண்ணாடிக்கு மேலாக வரிசையைப் பார்த்து விரலை நீட்டினார். “அந்த அம்மா வரட்டும்.”

முத்துப்பேச்சி முன்னால் வந்தாள். எஸ்தரைப் பார்த்துத் தலையாட்டினாள். பிறகு கதவைப் பார்த்தாள். மேலும் கீழும் பார்த்தாள்.

“இது பாத்ரூம் கதவுல்லா?”

அவள் தாழ்ப்பாளைப் போட்டு எடுத்துப் பார்த்தாள். மறுபடி போட்டு எடுத்தாள். “நல்லாத்தான் விழுது” என்றாள்.

“உள்ள போய்க் கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டுத் தனியா, நிம்மதியாப் பேசுங்கம்மா” என்றாள் ஹரிணி.

முத்துப்பேச்சி உள்ளே போனாள். தாழ்ப்பாள் விழுந்தது. வெளியே எஸ்தர் பட்டையோடு நாற்காலியில் உட்கார்ந்து, முந்தானையை இழுத்து மூடி, பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். ஆணையர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

உள்ளே இருந்து குரல் வந்தது. பேருந்து எத்தனை மணிக்கு என்று விசாரிக்கிற குரல்.

“தெற்கு அம்மன்கோவில் தெரு. கக்கூஸுக்குக் கதவு கேட்டு வந்திருக்கேன். எம் மகள ஆஸ்பத்திரில சேத்திருக்கு. தண்ணி குடிக்காமக் கெடந்து கெடந்து நீர்த்தாரையில புண்ணாயி, காய்ச்சல் கண்டுட்டு. வயித்துப் பிள்ளைக்கு என்னன்னு இப்பச் சொல்ல முடியாதுங்காங்க. நல்ல வேள, ஆஸ்பத்திரில கதவு உண்டு.” கொஞ்சம் நிறுத்தினாள். “பேசி முடிஞ்சிட்டு. வரட்டா?”

எஸ்தருக்கு ஒன்றும் வரவில்லை. கூச்சம் இல்லை, கோபம் இல்லை, ஒரு சின்ன நடுக்கம்கூட இல்லை. பட்டையை இறுக்கிப் பார்த்தாள்.

திரையில் கூச்சக் குறியீடு சுழியத்தில் நின்றது.

குழுத் தலைவர்தான் முதலில் கை தட்டினார். பிறகு எல்லோரும் தட்டினார்கள். “ஒரு கதவு! ஒரே ஒரு கதவு எவ்வளவு பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்திருக்கு பாருங்க!” என்று அவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

“பட்டை கெட்டுப்போச்சா?” என்று எஸ்தர் ஹரிணியிடம் மெதுவாகக் கேட்டாள்.

ஹரிணி பரிசோதித்தாள். அவள் முகமும் சரியில்லை. “நல்லாத்தான் வேலை செய்யுது மேடம். அவங்ககிட்ட இருந்துதான் ஒண்ணும் வரல. தீந்துபோச்சு போல.”

எஸ்தர் பட்டையை அவிழ்த்து மேசையில் வைத்தாள். காது மடல் சுட்டது. கழற்றிய பிறகும் சுட்டது. தாழ்ப்பாளை நீக்கிக்கொண்டு வெளியே வந்த முத்துப்பேச்சி நேராக எஸ்தரின் முகத்தைப் பார்த்தாள். எஸ்தரால் பார்க்க முடியவில்லை. ஜன்னல் பக்கம் ஆணையர் கையில் இருந்த பொன்னாடையை மடித்துக்கொண்டே இருந்தார். அதற்கு மேல் அது மடியாது.

“வாரேன்மா” என்றாள் முத்துப்பேச்சி. கதவை மறக்காமல் சாத்திவிட்டுப் போனாள்.

மேலச்செங்குளம் நகராட்சிக்கு நல்லாட்சி விருது கிடைத்தது. திட்டம் மாநிலம் முழுவதும் விரிவாக்கப்படுகிறது. மற்ற ஊர்க்காரர்கள் வந்து மனம் திற மண்டபத்தைப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். கதவின் நீல நிறத்துக்கு ‘நம்பிக்கை நீலம்’ என்று பெயர் வைத்து, எல்லா ஊரிலும் அதே நிறம்தான் போட வேண்டும் என்று ஆணை வந்திருக்கிறது. விருது விழாவுக்கு ஊர் முழுக்க பிளக்ஸ் கட்டினார்கள். ஒவ்வொன்றின் அடியிலும் அந்த ஒரு வரி தவறாமல் இருந்தது.

தெற்கு அம்மன்கோவில் தெருவில் பெண்கள் கழிப்பறைக்குக் கதவு இல்லை.